ஞாயிற்றுக்கிழமை பாடாத மீன்

மீனுக்கு வார விடுமுறை உண்டா? பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் சிரிக்கும். ஆனால் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண்ணின் மண்டையை அந்தக் கேள்வி கரையானாக அரித்துக்கொண்டிருந்தது. கடலியல் துறையில் எல்லோரும் அவளை டவுட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. வகுப்பில் யார் எதைச் சொன்னாலும், வாய் மூடுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்பும். "ஒரு சந்தேகம்" என்று ஒரு குரல் வரும். இது அவளுக்கு அம்மா வழியில் வந்த சொத்து. அம்மா லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணம் பேசும்போதே மாப்பிள்ளையின் தலையில் இருப்பது சொந்த முடிதானா என்று தன் தம்பியை விட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னவள். அன்று பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை என்று அப்பா சொல்வார். அப்படிப்பட்ட வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

அந்தப் பருவத்தில் அவர்களுக்கு 'இன்றைய கடல் ஆய்வுகள்' என்று ஒரு பாடம். அதற்குப் புத்தகம் கிடையாது. கடலைப் பற்றி உலகத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது எதற்காக அடித்துக்கொள்கிறார்களோ, அதில் ஒன்றை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். தாங்களே சின்னதாக ஓர் ஆய்வும் செய்து, எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். ஒருவன் வெளுத்துப் போகும் பவளத்தை எடுத்தான். இன்னொருத்தி ஒரு குவளைக் கடல்நீரை வைத்துக்கொண்டு அங்கே எந்தெந்த மீன் வந்து போனது என்று சொல்லப் பார்த்தாள். டவுட்டு எடுத்தது சிப்பி வயிற்றில் பிளாஸ்டிக். மாதக்கணக்கில் சிப்பியைக் கரைத்து, வடிகட்டி, நுண்ணோக்கியில் கண் பூத்துப்போய் அவள் கண்டுபிடித்தது, சிப்பிக்குள் பிளாஸ்டிக் இருக்கிறது என்பதுதான். பாடம் எடுத்த மேடம் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருக்கும்மா, நமக்குள்ளேயும்தான் இருக்கு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

மேடத்துக்கும் ஒரு பெயர் உண்டு, நங்கூரம். ஒரு கேள்வியை இறக்கினார் என்றால் அடி தட்டும்வரை விடமாட்டார். பருவம் முடிந்ததும் ஆய்வுக் கப்பல் கிளம்பும். அதில் மாணவருக்கென்று ஒரே ஒரு படுக்கை. யாரை ஏற்றுவது என்பதை இந்தப் பாடத்தை வைத்துத்தான் மேடம் முடிவு செய்வார். அந்தப் படுக்கை கிடைத்தவர்களுக்கு முனைவர் பட்ட இடம் கையில் கிடைத்த மாதிரிதான். டவுட்டுக்கு அந்தப் படுக்கை வேண்டும். தூக்கத்தில்கூடக் கட்டில் ஆடுவது போல இருந்தது அவளுக்கு.

அதே படுக்கை வேண்டியிருந்த இன்னொருத்தி, அவள் அறையிலேயே பக்கத்துக் கட்டிலில் தூங்கினாள். அவள் பெயர் நெத்திலி. ஒல்லியாக, பளபளவென்று, நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பாள். முதல் வருஷத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே குடை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வகுப்புக்குப் போகமாட்டாள்.

நெத்திலி எடுத்த விஷயம் கடலுக்குள் கேட்கும் சத்தம். பழைய படகுத்துறையின் படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீருக்குள் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, படியோரம் பூட்டிய பெட்டியில் பதிவுக் கருவியை வைத்திருந்தாள். தினமும் பொழுது சாயும் நேரத்தில் போய் பேட்டரியை மாற்றி, சத்தம் பதிந்த அட்டையை எடுத்து வர வேண்டும். அப்படிக் கேட்டதில் ஒரு சத்தம் சிக்கியது. இருட்டத் தொடங்கியதும் எண்ணெய் காணாத கதவு முனகுவது போல ஒன்று ஆரம்பிக்கும். பிறகு இரண்டு, பிறகு பத்து, அப்புறம் ஒரு கூட்டமே முனகும். ஆண் மீன்கள் கூட்டுக்குள் இருந்துகொண்டு வயிற்றுக் காற்றுப்பையை அதிரவைத்துப் பெண்ணைக் கூப்பிடுவது அது என்பது நெத்திலியின் கட்சி. உலகத்தில் இருக்கிற மீன் குரல் பதிவுகளிலெல்லாம் தேடிப் பார்த்துவிட்டாள். இந்தக் குரல் எதிலும் இல்லை. புது மீன் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அவளுக்குப் பயம். கண்ணுதான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெத்திலியால் படகுத்துறைக்குப் போக முடியாது. அவள் அக்கா மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிறு முழுநாள் வேலை. மாமா லாரியோடு எங்கேயோ இருப்பார். அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவள்தான் போக வேண்டும். அதனால் பெட்டியின் ஞாயிறு சாவி டவுட்டிடம் இருந்தது. சாவியோடு ஒரு டார்ச்சும் கொடுத்திருந்தாள் நெத்திலி. கண்ணாடி மேல் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச். மீனுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, வெள்ளை வெளிச்சம் பட்டால் மிரண்டுபோகும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். டவுட்டு முதல் ஞாயிறே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டாள். படியெல்லாம் பாசி. போன வருஷம் அதில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள் அவள். சிவப்பு வெளிச்சத்தில் கால் வைக்கிற இடம் தெரிகிறதா என்ன? நாலு நிமிஷ வேலை, இதற்குப் போய் மீன் கோபித்துக்கொள்ளவா போகிறது என்று நினைத்தாள். நெத்திலியிடம் சொல்லவும் தோன்றவில்லை. அதை ஒரு விஷயமாகவே அவள் மறந்துபோனாள்.

சந்தேகம் ஒரு காலை நேரத்தில் முளைத்தது. நெத்திலி குளிக்கப் போயிருந்தாள். மேஜையில் அவளுடைய மடிக்கணினி திறந்து கிடந்தது. திரையில் மொத்தப் பதிவும் ஒரே படமாக விரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பட்டை, சத்தம் இருக்கிற இடமெல்லாம் மஞ்சள். டவுட்டு துண்டைத் தேடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாரத்துக்கு ஒரு பட்டை கறுப்பாக இருந்தது. எண்ணிப் பார்த்தாள். எல்லாம் ஞாயிறு.

குளித்துவிட்டு வந்த நெத்திலி அவள் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று கணினியை மூடினாள். பேட்டரி தீர்ந்துபோச்சு என்றாள். வயர் சுவரில் மாட்டித்தான் இருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

அடுத்த வாரம் நெத்திலி அறையிலேயே ஒத்திகை பார்த்தாள். கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு டவுட்டுக்குப் படத்தைக் காட்டி விளக்கினாள். அதே படம்தான். ஆனால் இப்போது ஒரு கறுப்புப் பட்டைகூட இல்லை. ஞாயிறுகளைக் கத்தரித்து எடுத்துவிட்டு, சனியையும் திங்களையும் ஒட்டவைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். நல்லா இருக்கா என்று நெத்திலி கேட்டாள். ரொம்ப நல்லா இருக்கு என்றாள் டவுட்டு.

அதற்கப்புறம் கண்ணில் படுவதெல்லாம் தப்பாகவே பட்டது. மஞ்சள் காமாலைக்காரனுக்கு வெள்ளைச் சுவர் ஏது? நெத்திலி சீக்கிரம் தூங்கினால் ஏன், தாமதமாகத் தூங்கினால் ஏன்? ஒரு நாள் மாடிப்படி வளைவில் நின்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். டவுட்டு கீழ்ப்படியிலேயே நின்று காதைத் தீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பிரச்சினை... இல்ல, அவளுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

அவள் என்றால் யார்? வேறு யார், தான்தான். டவுட்டுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே குடைக்குள் நடந்தவளுக்கே குழி பறிக்கிறாளே என்று நினைத்தாள். அழுகையும் வந்தது. அழுதால் கேட்டுவிடும் என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஞாயிறு விடுமுறை எடுக்கும் மீன் எது என்பதும் சீக்கிரமே அவளுக்குப் புரிந்தது, அதாவது புரிந்ததாக அவள் நினைத்தாள். படகுத்துறைக்கு ஒட்டினாற்போல் படகு பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு பழைய கம்ப்ரசர். சாயங்கால வேலை தொடங்கினால் பட்டறைத் தூண்களெல்லாம் அதிரும், தூண்கள் நிற்பது தண்ணீருக்குள். ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. அப்புறம் என்ன, கணக்குச் சரியாக வந்துவிட்டது. மீனும் இல்லை, மண்ணும் இல்லை. கம்ப்ரசர் முனகலுக்கு மீன் என்று பெயர் வைத்துக் கப்பலேறப் பார்க்கிறாள்.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு புதன்கிழமை கிளம்பினாள். நெத்திலி படகுத்துறைக்குப் போய்விட்டு அறைக்குத் திரும்பியதும், நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அங்கே நடந்தாள். பட்டறையில் கம்ப்ரசர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பாசிப் படியில் குந்தி உட்கார்ந்து, டார்ச்சைத் தண்ணீர் மேல் அடித்து, தூண் தூணாகப் பார்த்தாள். மைக் எங்கே தொங்குகிறது, அதிர்கிற தூண் எவ்வளவு பக்கம், எல்லாவற்றையும் துழாவினாள். மைக்கிலிருந்து தூண் கைக்கெட்டும் தூரம்தான். இதைவிடச் சாட்சி வேண்டுமா? கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அன்று அறையில் நெத்திலி அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு மூடி வைத்திருந்தாள். டவுட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னடி, ஏதாவது கேக்கணுமா என்றாள். கேட்டிருக்கலாம். கதவு சாத்தியிருந்தது, இரண்டே பேர். ஆயுசு முழுக்க யார் யாரிடமோ சந்தேகம் கேட்டவள், அன்றைக்குப் பார்த்து, ஒண்ணுமில்லையே என்றாள். தேநீரையும் குடித்தாள். இங்கே கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள், சபையில் கேட்டால்தான் உண்மை வரும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அந்த நியாயத்துக்குள் கப்பல் படுக்கை ஒன்று சுருட்டி வைத்திருந்ததை அவள் பார்க்க விரும்பவில்லை.

நெத்திலியின் முறை வந்தது. கருத்தரங்கு அறை தரைக்குக் கீழே இருந்தது. அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள், ஜாடிகளுக்குள் என்றைக்கோ செத்த மீன்கள். மருந்து நெடி மூக்கைவிட்டுப் போகாது. நெத்திலி விளக்கை அணைத்துவிட்டுச் சத்தத்தைப் போட்டாள். ஒரு கதவு முனகியது. இன்னொரு கதவு. பிறகு அறையே முனகியது. எப்போதும் போனை நோண்டும் கூட்டம் அன்று நோண்டவில்லை. சாய்ந்தே உட்கார்ந்திருக்கும் நங்கூரம் மேடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கப்பல் யாருக்கு என்பது அந்த நகர்விலேயே தெரிந்துபோயிற்று.

விளக்கு எரிந்ததும், யாருக்காவது சந்தேகம் இருக்கா என்று மேடம் கேட்டார். வகுப்பு முழுக்கப் பழக்கதோஷத்தில் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. டவுட்டின் கை எழும்பியது. நெத்திலி அவளைப் பார்த்துச் சிரித்தாள். தனக்குக் கைகொடுக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள், பாவம்.

"ஒரு சந்தேகம் மேடம். இதுல ஞாயித்துக்கிழமை எங்க?"

நெத்திலியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. டவுட்டு நிறுத்தவில்லை. ஞாயிறுகளில் சத்தமே இல்லை என்பதையும், அவை கத்தரிக்கப்பட்டதையும், பக்கத்துப் பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை என்பதையும், அங்கே ஒரு கம்ப்ரசர் ஓடுகிறது என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மீனுக்கு லீவா, சம்பளத்தோடவா என்று யாரோ கேட்க, அறை சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. ஞாயிறை எடுத்துவிட்டாயா என்று நெத்திலியைக் கேட்டார். எடுத்தேன் என்றாள் அவள். ஏன் என்றார். அன்றைக்கு வெள்ளை வெளிச்சம் பட்டு மீன் மிரண்டிருக்கும் என்று நினைத்தேன், கெட்டுப்போன பதிவு என்று ஒதுக்கினேன் என்றாள்.

"யாரோட வெளிச்சம்?"

நெத்திலி தரையைப் பார்த்தாள். பின்வரிசைப் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

"தெரியல மேடம்."

டவுட்டுக்கு அப்போதுதான் அந்தச் சிவப்புக் காகிதம் ஞாபகம் வந்தது. அது சுருண்டு பாசிப் படியிலிருந்து தண்ணீருக்குள் விழுந்ததுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாது என்கிறாளே, இவளுக்குத் தெரியாதா? ஞாயிறு சாவி யாரிடம் இருந்தது என்று இவளுக்குத் தெரியாதா?

நங்கூரம் இறங்கினால் பாதியில் நிற்குமா? வெளிச்சம்தான் காரணம் என்றால் அதற்கு என்ன ஆதாரம் என்று மேடம் கேட்டார். வேறு எந்த நாளிலாவது சத்தம் நின்றதா என்றும் கேட்டார். பொய் சொல்லியிருந்தால் நெத்திலி தப்பித்திருப்பாள். அவளுக்கு அது வராது.

"ஒரே ஒரு புதன்கிழமை நின்னுச்சு மேடம். அன்னிக்கு நான்தான் போனேன், சிவப்பு விளக்கோட. நான் திரும்பி வந்தப்புறம் பாட ஆரம்பிச்சிருக்கு. நடுவுல அப்படியே நின்னுபோச்சு. அங்க யாருமே இல்ல. அதான் வெளிச்சம்னு அடிச்சுச் சொல்ல முடியல."

மேடம் பெருமூச்சு விட்டார். அப்படியானால் அன்றைக்கு நடுவில் கம்ப்ரசரை நிறுத்தியிருப்பார்கள், மீன் என்று நம்ப இடமில்லையே அம்மா என்றார். அவருக்கும் அது வருத்தம்தான். பேனாவை எடுத்து எதையோ அடித்தார். நெத்திலி வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். வயர் சுருளாமல் நழுவி நழுவி விழுந்தது.

டவுட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டாம். கப்பல் தானாக வந்து அவள் வாசலில் நிற்கும். அந்தப் புதன்கிழமை அவள் அங்கே குந்தியிருந்தது பாசிக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான் தெரியும். கம்ப்ரசர் நிற்கவே இல்லை என்பதும் இந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அம்மா அடிக்கடி சொல்வாள், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று. தன் வாயை மூடத் தனக்கே இப்படி ஒரு மூடி கிடைக்கும் என்று அவள் நினைத்ததில்லை. நெத்திலி குனிந்து வயரை எடுப்பதைப் பார்த்தாள். அந்த மெல்லிய கழுத்தைப் பார்த்தாள்.

மறுபடியும் கை எழும்பியது. இன்னும் சந்தேகம் தீரலையா என்று வகுப்பு சலித்துக்கொண்டது.

"சந்தேகம் இல்ல மேடம். பதில். புதன்கிழமை அங்க நான் இருந்தேன். டார்ச் அடிச்சேன். ஞாயித்துக்கிழமை போறதும் நான்தான். சிவப்புக் காகிதத்தை நான்தான் கிழிச்சேன்."

மேடம் அவளை நன்றாகப் பார்த்தார். "புதன்கிழமை எதுக்குப் போன?"

"சந்தேகம் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. தினமும் கேட்ட சொல்தான். அன்று அதை எல்லோரும் புதுசாகக் கேட்ட மாதிரி இருந்தது.

நீ இருந்தபோது கம்ப்ரசர் ஓடியதா என்று மேடம் கேட்டார். நான் கிளம்பும்வரை ஓடியது, நிற்கவே இல்லை என்றாள் டவுட்டு. மேடம் பேனாவை மூடி வைத்தார். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் மட்டும் நின்றிருக்கிறது, அப்படியானால் சத்தம் மெஷினுடையது இல்லை என்றார். டார்ச்சைப் பார்த்துப் பயப்படுகிறது என்றால் அதற்கு உயிர் இருக்கிறது என்றார். இதைவிட நல்ல சோதனையை வேண்டுமென்றே செய்திருந்தாலும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். கப்பல் படுக்கை யாருக்கு என்று அவர் தனியாக அறிவிக்கவில்லை. நெத்திலியிடம், உனக்கு அலை ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டார்.

அறைக்கு வந்த பிறகு டவுட்டு மன்னிப்புக் கேட்டாள். நெத்திலி துணியை மடித்துக்கொண்டே, போனில் அக்காவிடம்தான் பேசினேன் என்றாள். ஞாயிறு வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லி அக்காவைக் கெஞ்சியிருக்கிறாள். டார்ச்சில் காகிதம் இல்லாததை அப்போதே பார்த்துவிட்டேன், நீ சொதப்புகிறாய் என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வரவில்லை, நானே போய்க்கொண்டால் முடிந்தது என்று நினைத்தேன் என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டவுட்டுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ரூம்ல கேட்டிருந்தா அது சந்தேகம்டி," என்றாள் நெத்திலி. "அங்க கேட்டதுக்கு வேற பேரு."

அந்தப் பேரை அவள் சொல்லவில்லை. மடித்த துணியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஞாயிறு சாவிக்காகக் கையை நீட்டினாள். டவுட்டு கொடுத்தாள்.

கப்பல் கிளம்பும்முன் நெத்திலி அந்தச் சாவியையும், புதுக் காகிதம் ஒட்டிய டார்ச்சையும் பவளத்துக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவன் வாராவாரம் பதிவுப் படத்தை அச்செடுத்துக் கடலியல் துறை நடைவழியில் ஒட்டினான். டவுட்டு வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு நாளும் பார்க்காமல் போனதில்லை. திங்களிலிருந்து ஞாயிறு வரை எல்லாப் பட்டையும் மஞ்சள். அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட மீன் பாடாமல் இருக்கவில்லை.